பிளிடாவின் பெயரில்லாச் செவிலியர்கள்

நம் வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழர் இருக்கிறார். பி.எஸ்சி. நர்சிங் மூன்றாமாண்டு. சென்ற மாதம் அவருக்கு மனநலப் பிரிவில் வார்டு போஸ்டிங். முதல் நாளே ஒரு நோயாளிக்கு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோயிருக்கிறார். கூட இருந்த அம்மா, "எந்த ஊரு பாப்பா நீ?" என்று கேட்டிருக்கிறார். சொன்னதும் அடுத்த கேள்வி: "ஊருக்குள்ளயா, காலனியிலயா?" பதில் கேட்ட பிறகு அந்த டம்ளரை அவர் வாங்கவில்லை. தானே எழுந்துபோய் வேறு டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்தார். மேலே இருப்பவர்களிடம் தோழர் சொன்னபோது, "அட்டெண்டர்கிட்ட எல்லாம் பிரச்சினை வச்சுக்காதம்மா, அவங்களே மனக் கஷ்டத்துல இருக்காங்க" என்று பேச்சு முடிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வட்டத்தில் அவர் தன் பாடப்புத்தகத்தை எடுத்து வைத்தார். முதல் அத்தியாயம், மனநலச் செவிலியத்தின் வரலாறு. பிரான்சில் பினெல் சங்கிலியை அவிழ்த்தார். அமெரிக்காவில் 1882இல் மக்லீன் மனநோய் மருத்துவமனையில் செவிலியர் பள்ளி தொடங்கியது. 1952இல் ஹில்டெகார்ட் பெப்லாவ், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சை என்று எழுதினார். "எல்லாம் சரி தோழர். ஆனா யாரு யாரைத் தொட்டா, யாரு பேச்சு யாருக்குப் புரிஞ்சுது, அது எங்கயும் இல்லயே?" என்றார்.

கேள்வி நியாயமானது. அந்தப் புத்தகத்தின் முதல் வரியிலேயே ஓர் ஆள் காணாமல் போயிருக்கிறார். பாரிசின் பிசேத்ர் மருத்துவமனையில் ஆண் மனநோயாளிகளின் சங்கிலிகளை 1797இல் அவிழ்த்தவர் பினெல் அல்லர். அப்போது பினெல் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார். அவிழ்த்தவர் ழான்-பாப்திஸ்த் புய்ஸேன். தோல் பதனிடும் தொழிலாளி. கழுத்தில் கண்டமாலை நோயோடு அதே மருத்துவமனைக்கு நோயாளியாக வந்து, குணமாகி, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, மனநோயாளிகள் பிரிவின் பொறுப்பாளராக உயர்ந்தவர். அவரும் அவர் மனைவியும் அந்த வார்டிலேயே வாழ்ந்தார்கள். பினெல் தன் எழுத்தில் அவரை மறைக்கவில்லை. பின்னால் வந்த ஓவியர்களும் பாடப்புத்தகக்காரர்களும்தான் மறைத்தார்கள். பிரான்சில் சாதி இல்லை, அதனால் தோல் என்ற சொல்லைப் பார்த்ததும் நாம் துள்ளிக் குதிக்க வேண்டியதில்லை. டாக்டர் பெயர் நிற்கும், வார்டுக்காரன் பெயர் நிற்காது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

தோழரின் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லக்கூடிய ஒரு மருத்துவமனை அல்ஜீரியாவில் இருக்கிறது. ஃபிரான்ஸ் ஃபனான் பெயரை நம்மில் பலர் மேடையில் சொல்கிறோம். அவர் எழுதிய புரட்சி பற்றிய பக்கங்களை வாசித்திருக்கிறோம். அவர் பிழைப்புக்கு என்ன செய்தார் என்று பெரும்பாலும் கேட்டதில்லை. அவர் மனநல மருத்துவர். 1953 நவம்பர் முதல் மூன்றாண்டுக்குச் சற்று அதிகமாக, அல்ஜியர்ஸ் நகருக்குத் தென்மேற்கே இருக்கும் பிளிடாவில் அரசு மனநல மருத்துவமனையின் ஒரு பிரிவுக்குத் தலைவராக இருந்தார்.

அந்த ஊரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பிரான்ஸ் 1830இல் அல்ஜீரியாவைப் பிடித்தது. பிளிடா இருப்பது மித்திஜா சமவெளியில், நாட்டின் செழிப்பான மண். நல்ல நிலமெல்லாம் ஐரோப்பியக் குடியேறிகளின் கைக்குப் போனது. நிலத்தின் சொந்தக்காரர்கள் அதே நிலத்தில் கூலிகள் ஆனார்கள். 1950களில் அங்கே பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஐரோப்பியர்கள், எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள். மருத்துவமனையிலும் அதே பிரிவினைதான். ஐரோப்பியர் வார்டு தனி, முஸ்லிம் வார்டு தனி. ஊரும் சேரியும் மருத்துவமனைச் சுவருக்குள் வந்து உட்கார்ந்தது போல. இடம் போதாமல் நோயாளிகள் அடைந்து கிடந்தார்கள்.

அதற்கு ஓர் 'அறிவியலும்' இருந்தது. அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தில் அந்துவான் பொரோ என்ற பேராசிரியரும் அவர் மாணவர்களும் ஒரு பள்ளியே நடத்தினார்கள். வட ஆப்பிரிக்க முஸ்லிம் பிறவியிலேயே பொய்யன், திடீர் வன்முறைக்காரன், மூளையின் மேல்பகுதி சரியாக வேலை செய்யாத ஆதிமனிதன். இதுதான் பாடம். இதைப் படித்துவிட்டுத்தான் டாக்டர்கள் வார்டுக்கு வந்தார்கள். உலக சுகாதார நிறுவனமே 1953இல் காரதர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் நூலை வெளியிட்டது. ஆப்பிரிக்கர் மனதைப் பற்றி அதே வகைக் கருத்துகள் அதிலும் உண்டு. பிறப்பில் குணம் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். அங்கே மனுவின் இடத்தில் நரம்பியல் இருந்தது.

ஃபனான் மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பர். பிளிடாவுக்கு வரும்போது வயது 28. அதற்கு முன் பிரான்சின் மலைப்பகுதியில் சேன்-ஆல்பான் என்ற மருத்துவமனையில் தோஸ்கெல் என்ற கத்தலான் அகதி மருத்துவரிடம் பயிற்சி பெற்றிருந்தார். இந்த தோஸ்கெல் விசித்திரமான ஆள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் போர்முனை மனநலப் பிரிவு நடத்தியபோது மனநல நிபுணர்களைத் தவிர்த்துவிட்டு, பாதிரியார்களையும் வக்கீல்களையும் பாலியல் தொழில் செய்த பெண்களையும் பராமரிப்பு வேலைக்கு எடுத்தவர். மனிதர்களோடு பழகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்பது அவர் கணக்கு. நோயாளியைக் குணமாக்கும் முன் மருத்துவமனையைக் குணமாக்க வேண்டும் என்பது சேன்-ஆல்பானின் அடிப்படை. அங்கே செவிலியர், சமையல்காரர், நோயாளி எல்லோரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து வார்டை நடத்தினார்கள்.

பிளிடாவில் ஃபனானின் பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தார்கள். சேன்-ஆல்பானில் கற்றதை இரண்டு வார்டிலும் தொடங்கினார். பெண்கள் வார்டில் ஒரு மாதத்துக்குள் கிறிஸ்துமஸ் விழா நடந்தது. நோயாளிகளின் குழுக்கள் உருவாகின. இசை, சினிமா, தையல், வார்டுக்கென்று ஒரு சிறு பத்திரிகை. பல ஆண்டுகள் கட்டிலோடு கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். செவிலியர்களும் நோயாளியை அடக்கும் வேலையை விட்டு, அவரோடு சேர்ந்து ஏதாவது செய்யும் வேலைக்கு மாறினார்கள்.

அதே திட்டம் முஸ்லிம் ஆண்கள் வார்டில் படுதோல்வி. இந்தத் தோல்வியைத்தான் நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஃபனானும் அவருடைய பயிற்சி மருத்துவர் ழாக் அஸூலேயும் அதை ஒளிக்காமல் 1954இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார்கள்.

கூட்டம் போட்டார்கள், யாரும் பேசவில்லை. பாட்டுக் குழு, நாடகம் என்றார்கள். ஊரில் அதெல்லாம் தொழில்முறைக் கலைஞன் செய்வது, மரியாதைப்பட்ட ஆண் பத்துப் பேர் முன்னால் ஆடிப் பாடமாட்டான் என்று ஒதுங்கினார்கள். கூடை முடையச் சொன்னார்கள். அது பெண்கள் வேலை. பத்திரிகை கொடுத்தார்கள், பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வார்டின் இறுக்கம் அப்படியே இருந்தது. பழைய செவிலியர்கள், இங்கே பல வருடம் இருந்தால் உங்களுக்கும் புரியும் என்ற பாணியில் புது டாக்டர்களைப் பார்த்தார்கள். பொரோ சொன்னதுதான் சரி, இவர்களுக்கு எதுவும் ஏறாது என்று முடிவுகட்ட அது போதுமான ஆதாரம்.

ஃபனானும் அஸூலேயும் அந்த முடிவுக்குப் போகவில்லை. தவறு நோயாளிகளிடம் இல்லை, எங்களிடம் இருக்கிறது என்று எழுதினார்கள். ஐரோப்பியச் சமூகத்துக்குத் தைத்த சட்டையை முஸ்லிம் நோயாளிக்கு மாட்டப் பார்த்தோம், அவனுடைய வாழ்க்கையை விசாரிக்கவே இல்லை, இது பிரெஞ்சு அரசு செய்யும் அதே வேலைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். தோழர்களே, இதை எழுதியவர்களில் ஒருவர் கறுப்பர். காலனிய இழிவைத் தன் உடலில் சுமந்தவர், அதைப் பற்றி 1952இலேயே புத்தகம் எழுதியவர். அவரே வார்டுக்குள் வந்ததும் ஆள்பவனின் பழக்கத்தோடு நடந்திருக்கிறார். ஒடுக்கப்பட்டவனாகப் பிறந்தது மட்டும் ஒருவனைச் சரியான பக்கத்தில் நிறுத்திவிடாது. இது நமக்கும், நம் இயக்கத் தலைவர்களுக்கும் கொஞ்சம் உறைக்க வேண்டிய இடம்.

மொழிச் சிக்கல் இன்னும் ஆழமானது. ஃபனானுக்கு அரபு தெரியாது, கபில் மொழியும் தெரியாது. நோயாளி பேசுவதைச் செவிலியர்தான் மொழிபெயர்க்க வேண்டும். அந்த நோயாளி தன் வாழ்க்கையில் இதற்கு முன் மொழிபெயர்ப்பாளனை எங்கே பார்த்திருப்பான்? நீதிமன்றத்தில், அரசு அலுவலகத்தில், போலீஸ் முன்னால். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் பக்கத்தில் நின்று ஒருவன் அரபில் கேள்வி கேட்டால், விசாரணை தொடங்கிவிட்டது என்றுதான் அவனுக்குப் படும். வாயை மூடிக்கொள்வான். அதை டாக்டர் 'ஒத்துழைக்கவில்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார். தாலுகா ஆபீசிலும் காவல் நிலையத்திலும் கைகட்டி நின்ற நம் தாத்தாக்களை நினைத்துக்கொண்டு இந்தப் பகுதியை வாசித்தோம்.

பின்னால் 1956இல் ஃபனானும் ஷார்ல் ஜெரோனிமியும் இதே விஷயத்தை ஒரு மனப் பரிசோதனையிலும் கண்டார்கள். படத்தைக் காட்டி, இதில் என்ன நடக்கிறது, ஒரு கதை சொல்லுங்கள் என்று கேட்கும் சோதனை அது. முஸ்லிம் பெண்கள் கதை சொல்லவில்லை. படத்தில் தெரிந்ததை மட்டும் சொன்னார்கள். கற்பனை வறண்டவர்கள் என்று எழுதிவிடலாம். ஆனால் படங்களில் இருந்த வீடும் உடையும் முகமும் ஐரோப்பாவுடையவை. தன் உலகமே இல்லாத படத்துக்கு ஒருத்தி எப்படிக் கதை சொல்வாள்?

தோல்விக்குப் பிறகு ஆண்கள் வார்டில் நடந்தது வேறு. ஊரில் ஆண்கள் கூடும் இடம் காபிக் கடை என்பதால் மருத்துவமனைக்குள் ஒரு காபிக் கடை வந்தது. பாயும் தாழ்வான மேசையும் போட்டு, நோயாளிகளே அதை நடத்தினார்கள். வெளியிலிருந்து கதைசொல்லி வந்து பழைய வீரர்களின் கதைகளைச் சொன்னார். இஸ்லாமியப் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன. தொழுகை நடத்த முஃப்தி வந்தார். கூடை முடைய மறுத்தவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தபோது தோட்டம் உருவானது. அவர்களில் பெரும்பான்மையோர் நிலத்தில் உழைத்தவர்கள், யாரும் உந்தித்தள்ள வேண்டியிருக்கவில்லை. பிறகு ஒரு கால்பந்து மைதானமும் வந்தது.

இந்த மாற்றத்தில் ஃபனான் பெயர் இருக்கிறது, அஸூலே பெயர் இருக்கிறது. ஆனால் காபிக் கடையில் எப்படி உட்காருவார்கள், எந்தக் கதை கேட்பார்கள், எந்த வேலை ஆணுக்கு இழிவு, நோன்பு நாளில் மாத்திரை எப்போது கொடுப்பது என்பதெல்லாம் பாரிசில் அச்சான எந்த மருத்துவ நூலிலும் இல்லை. மார்த்தினிக்கிலிருந்து வந்தவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. நோயாளியின் ஊரிலும் மொழியிலும் பிறந்து அதே வார்டில் வேலை பார்த்தவர்கள் அல்ஜீரியச் செவிலியர்கள். பாவாடை மடிப்பு முதல் பிரார்த்தனை வரை வாழ்க்கை தெரிந்தவர்கள். அதுவரை கட்டிப்போடவும் குளிப்பாட்டவும் கதவைப் பூட்டவும் மட்டும் பயன்பட்ட அவர்களின் அறிவு, அந்த வார்டில் முதன்முறையாக மருத்துவ அறிவாக மதிக்கப்பட்டது என்றே நாம் இதைப் படிக்கிறோம். ஃபனான் செவிலியர்களுக்கு வகுப்பெடுத்தார். மனநலச் செவிலியர்களுக்கென்று பிளிடாவிலேயே பயிற்சிப் பள்ளி தொடங்க உழைத்தார். வார்டுப் பத்திரிகையில் அவர் எழுதிய பல சிறு தலையங்கங்கள் செவிலியர்களை நோக்கியவைதான்.

ஃபனானைத் தெய்வமாக்க வேண்டாம். மின்னதிர்ச்சியும் இன்சுலின் மயக்கச் சிகிச்சையும் அவரும் கொடுத்தார். அந்தக் காலத்து மருத்துவம் அது. காபிக் கடையும் கால்பந்தும் ஆண்களுக்கானவை. முதல் பரிசோதனையில் முஸ்லிம் பெண்கள் எங்கும் இல்லை. இரண்டு முறை பூட்டப்பட்டவர்கள் அவர்கள், அவர்களின் வார்டைப் பற்றி இவ்வளவு விரிவாக யாரும் எழுதி வைக்கவில்லை.

1954 நவம்பர் 1 அன்று விடுதலைப் போர் தொடங்கியது. அதன்பிறகு செவிலியர் வேலையின் பொருளே மாறியது. ராணுவமும் போலீசும் பிடித்துச் சித்திரவதை செய்தவர்கள் வார்டுக்கு வந்தார்கள். சித்திரவதை செய்து செய்து தூக்கம் போய், வீட்டில் மனைவி பிள்ளைகளை அடிக்கத் தொடங்கிய போலீஸ்காரர்களும் சிகிச்சைக்கு வந்தார்கள். 1961இல் வந்த ஃபனானின் கடைசி நூலில் இந்த நோயாளிகளின் விவரம் ஓர் அத்தியாயமாக இருக்கிறது. இயக்கத் தோழர்கள் முதல் அத்தியாயத்தில் நின்றுவிடுகிறார்கள். நர்சிங் படிப்பவர்கள் இந்தக் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்கலாம்.

அதில் ஒரு சம்பவம். ஓர் ஐரோப்பியப் போலீஸ்காரர் ஃபனானிடம் சிகிச்சையில் இருந்தார். ஒருநாள் டாக்டரைத் தேடி மருத்துவமனை வளாகத்துக்குள் நடந்து வந்தார். வழியில் அவரை ஃபனான் பார்த்தபோது ஒரு மரத்தில் சாய்ந்து, உடல் நடுங்கி, வேர்த்து நின்றுகொண்டிருந்தார். வளாகத்தில் அவர் எதிரில் வந்த நோயாளி ஓர் அல்ஜீரியர். அந்தப் போலீஸ்காரர் விசாரணையில் அடித்து நொறுக்கிய ஆள். போலீஸ்காரருக்கு மருந்து கொடுத்து அமைதிப்படுத்தியாயிற்று. அந்த அல்ஜீரியரோ காணவில்லை. தேடியதில் கழிவறையில் கிடைத்தார். உயிரை விட முயன்றுகொண்டிருந்தார். அவரும் அந்த முகத்தை அடையாளம் கண்டிருந்தார். தன்னைத் திரும்பக் கூட்டிப்போக வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்.

அதன்பிறகு வார்டுக்காரர்கள் அவரிடம் நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. அது உன் பிரமை, போலீஸ் இங்கே வர முடியாது, நீ களைத்திருக்கிறாய், உன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் இங்கே இருக்கிறோம் என்று. சொன்னது பொய். போலீஸ்காரர் வந்திருந்தார், நோயாளி பார்த்தது உண்மை. மனநலச் செவிலியத்தின் பால பாடம், நோயாளி காண்பதை ஆமோதிக்கவும் வேண்டாம், மறுத்து வாதாடவும் வேண்டாம் என்பது. இங்கே நோயாளி கண்டது நிஜம், அதை இல்லை என்று சாதித்தால்தான் அவர் உயிரோடு இருப்பார். எந்தப் பாடப்புத்தகம் இதற்கு விடை வைத்திருக்கிறது? எங்கள் வட்டத்தில் இதை இரண்டு மணி நேரம் பேசினோம். நர்சிங் தோழர், நானும் பொய்தான் சொல்லியிருப்பேன் என்றார். இன்னொருவர், பொய் சொல்லி அவரைக் காப்பாற்றிய பிறகு அந்தப் போலீஸ்காரருக்கும் அதே கையால் ஊசி போடுவாயா என்று கேட்டார். போடுவேன் என்றுதான் அவர் சொன்னார், கொஞ்சம் தயங்கி.

பிளிடாவின் செவிலியர்கள் அந்தத் தயக்கத்தோடு தினமும் வேலை பார்த்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் விடுதலை இயக்கத்தோடு தொடர்பில் இருந்தார்கள். காயம்பட்ட போராளிகளுக்குக் கட்டுப்போட்டார்கள். 1956 ஜூலை 5 அன்று அல்ஜீரியா முழுக்கப் பொது வேலைநிறுத்தம். அதில் பங்கேற்றவர்கள்மீது அரசு நடவடிக்கை எடுத்தது. கைதுகளும் தொடர்ந்தன. ஆண்டின் இறுதியில் ஃபனான் பதவி விலகினார். அமைச்சர் லாகோஸ்துக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்னதன் சாரம் இது: மனநல மருத்துவம் என்பது மனிதன் தன் சூழலில் அந்நியனாகாமல் இருக்க உதவுவது, அரபு மனிதனோ தன் நாட்டிலேயே நிரந்தர அந்நியன், இந்த நிலையில் நான் யாரை எதற்குள் திரும்பப் பொருத்துவது? ஜூலை 5 வேலைநிறுத்தக்காரர்களைத் தண்டித்ததையும் அதே கடிதத்தில் குறிப்பிட்டார். 1957 ஜனவரியில் அவர் நாடுகடத்தப்பட்டார்.

அவருக்குப் போக துனிஸ் இருந்தது. அங்கே ஷார்ல்-நிக்கோல் மருத்துவமனையில் பகல்நேர மனநலப் பிரிவு நடத்தினார். நோயாளி காலையில் வந்து மாலையில் வீடு திரும்புவார், சாவியும் பூட்டும் வேண்டியதில்லை. அங்கேயும் ஒவ்வொரு செவிலியர் பொறுப்பிலும் சில நோயாளிகள் இருந்தார்கள். நேற்று இரவு வீட்டில் எப்படி இருந்தது என்று கேட்பதிலிருந்து அவர்களின் நாள் தொடங்கியது. ஃபனான் 1961 டிசம்பர் 6 அன்று ரத்தப் புற்றுநோயால் அமெரிக்காவில் இறந்தார். விடுதலைக்குப் பிறகு பிளிடா மருத்துவமனைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. கழிவறை வாசலில் அந்த மனிதரிடம் பேசி மீட்டவர்களின் பெயர் அந்தப் புத்தகத்தில் இல்லை.

நம் தோழருக்கு இன்னும் இரண்டு வாரம் போஸ்டிங் இருக்கிறது. கேஸ் ஸ்டடி எழுதும் நோட்டோடு இன்னொரு நோட்டும் போட்டிருக்கிறார். அந்த வார்டில் பல வருடமாகத் தரை துடைக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஒப்பந்தப் பணி, நம் தெருக்காரர். எந்த நோயாளிக்கு எப்போது பயம் வரும், யார் சாப்பிடாமல் தட்டை ஒளித்து வைப்பார், யாருடைய வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை என்பது அவருக்குத் தெரிந்த அளவு டாக்டருக்குத் தெரியாதாம். டம்ளரை வாங்காத அந்த அம்மாவின் மகன் இரவில் அழும்போது பக்கத்தில் போய் உட்காருவதும் அந்த அக்காதானாம். அவர் பெயரைத்தான் தோழர் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்காவையும் அழைத்திருக்கிறோம். ஞாயிறு ஷிப்ட் இல்லையென்றால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.